தண்ணீர்த் தீவு

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், வராங்கர் குடாவின் வடகரையில், வாட்சோ என்றொரு சின்ன நகரம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களைச் சேர்த்தால்கூட அங்கே குடியிருப்பவர்கள் ஆறாயிரம் பேருக்குக் குறைவு. நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன் ஜனவரி நடுப்பகுதி கழிந்துதான் திரும்ப முகம் காட்டும். தைப்பொங்கலன்று பொங்கிப் படைப்பவர் சூரியனை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படைக்கவேண்டும்.

இந்த ஊருக்கு மூன்று பெயர்கள். நோர்வேஜிய மொழியில் வாட்சோ. வட சாமி மொழியில் சாட்செசுவோலு. பின்னிஷிலும் அதன் உறவு மொழியான குவென் மொழியிலும் வெசிசாரி. மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: தண்ணீர்த் தீவு. நகரம் முதலில் இருந்தது கரைக்கு எதிரே உள்ள சிறு தீவில். குடிக்க நல்ல தண்ணீர் கிடைத்த தீவு அது. உப்புக் கடல் சூழ்ந்த இடத்தில் நன்னீர் இருந்தால் அந்த இடத்துக்கு வேறு பெயர் தேடத் தேவையில்லை என்பது எங்கள் தீவகத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதல்ல. மூன்று சனங்கள் ஒரே தீவைப் பார்த்து மூன்று மொழியில் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே நான் எழுத வந்தது மூன்றாவது பெயரைப் பற்றி.

நான் வாட்சோவுக்குப் போனது வேலை விஷயமாக. 2020இல் துரொம்ஸ், பின்மார்க் என்ற இரண்டு மாவட்டங்களை அரசாங்கம் ஒன்றாக்கியது. பின்மார்க் சனங்களுக்கு அது பிடிக்கவில்லை. 2024 ஜனவரி முதலாம் திகதி திரும்பவும் இரண்டாகப் பிரித்தார்கள். வாட்சோ மறுபடி பின்மார்க்கின் நிர்வாக நகரமானது. சேர்த்து வைத்த கணினி முறைமைகளைத் திரும்பப் பிரித்துக் கொடுப்பது என்னைப் போன்ற ஆலோசகர்களுக்குக் கிடைத்த வேலை. மாதத்தில் ஒரு கிழமை அங்கே, மூன்று கிழமை ஒஸ்லோவில். சேர்ப்பதைவிடப் பிரிப்பது கடினம். எந்தத் தரவு யாருடையது என்று கேட்டால் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்.

போகப்போகிறேன் என்று சொன்னபோது என் சித்தப்பா சொன்னார்: "அது பின்லாந்துக்காரற்றை ஊரெல்லே." சித்தப்பா 1987இல் நோர்வே வந்தவர். வாட்சோ இருக்கும் அதே தீபகற்பத்தின் மறுகரையில், போட்ஸ்பியூர் என்ற மீன்பிடி ஊரில், பதினொரு வருடம் மீன் வெட்டினார். "எங்களுக்கு முதல் அந்த மேசையளிலை நிண்டு வெட்டினது பின்லாந்துப் பெட்டையள், தம்பி. அவை போக நாங்கள் வந்தம். நாங்கள் போக லித்துவேனியாக்காரர் வந்திட்டினம்" என்றார். அவர் சொன்னது அறுபதுகள், எழுபதுகளில் வந்துபோன பின்னிஷ் தொழிலாளரை. வெசிசாரி என்ற பெயர் அதற்கும் நூறு, நூற்றைம்பது வருடம் பழையது.

பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வட பின்லாந்திலிருந்தும், சுவீடனையும் பின்லாந்தையும் பிரிக்கும் தோர்னே ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆட்கள் வடகடலை நோக்கி வரத் தொடங்கினார்கள். அங்கே பனி முந்தி விழுந்தால் பார்லி கருகிப்போகும், அந்த வருடம் பட்டினி. இங்கே கடலில் கொட் மீன் இருந்தது. கடலோர நோர்வேயை அவர்கள் ருய்யா என்று அழைத்தார்கள். பஞ்சம் வந்த வருடங்களில் ருய்யாவுக்குப் போகும் கூட்டம் கூடியது. 1866 முதல் 1868 வரை பின்லாந்தை வாட்டிய பெரும் பஞ்சம் அவற்றில் மிகக் கொடியது. அதே காலத்தில்தான் ஸ்வென் பொய்ன் என்பவர் வாட்சோவைத் தளமாக வைத்து நவீனத் திமிங்கில வேட்டையைத் தொடங்கியிருந்தார். வேலைக்கு ஆள் தேவைப்பட்டது.

இப்படி வந்தவர்களை நோர்வேஜியர் குவென் என்றார்கள். பிற்காலத்தில் அது ஒரு வசைச்சொல்லாகவும் புழங்கியது. அதனால் இன்றும் சிலர் தங்களை நோர்வேப் பின்னியர் என்று சொல்வதையே விரும்புகிறார்கள். 1875ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது வாட்சோ நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குவென்கள். நகரின் நடுவில் நோர்வேஜிய வணிகரும் அதிகாரிகளும், இரண்டு ஓரங்களிலும் குவென் குடியிருப்புகள். அந்நாளில் அங்கே கடை வைத்திருந்தவர் பின்னிஷ் தெரியாமல் வியாபாரம் செய்திருக்க முடியாது.

இந்த இடத்தில் வாசகர் ஒரு கணம் நின்று யோசிக்கவேண்டும். ஐரோப்பாவில் எந்த நகரத்திலும் தமிழர் பாதிக்கு மேல் இருந்ததில்லை. இனி இருக்கப்போவதுமில்லை. நாங்கள் ஒஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்கில் ஒரே அடுக்குமாடியில் நாலு தமிழ்க் குடும்பம் இருந்தாலே ஊர்போல இருக்கிறது என்கிறோம். குவென்களுக்கோ நகரமே அவர்களுடையதாக இருந்தது. தாய்நாடு விமானத்தில் பதினான்கு மணித்தியாலத் தொலைவில் இல்லை. பனிச்சறுக்கு வண்டியில் போய்வரும் தூரம். புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இருந்தும் மூன்று நான்கு தலைமுறைக்குள் அந்த மொழி வாட்சோத் தெருக்களிலிருந்து போய்விட்டது. எங்கள் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு வாதம் உண்டு: எண்ணிக்கை இருந்தால், ஒன்றாய் இருந்தால், ஊரோடு தொடர்பு இருந்தால் மொழி நிற்கும். வெசிசாரி இந்த மூன்றையும் வைத்திருந்தது.

என்ன நடந்தது? முதலாவது பதில், அரசு.

1809 முதல் 1917 வரை பின்லாந்து ருஷ்யச் சக்கரவர்த்தியின் கீழ் இருந்தது. எனவே எல்லையோரம் பின்னிஷ் பேசுகிற பெருங்கூட்டம் நோர்வே அதிகாரிகளுக்கு உறுத்தியது. பின்லாந்து சுதந்திரம் பெற்ற பிறகும் உறுத்தல் தீரவில்லை. 'பின்னிஷ் அபாயம்' என்றே அதற்குப் பெயர். 1851இல் நாடாளுமன்றம் ஒரு நிதியம் அமைத்தது. சாமி, குவென் பிள்ளைகளை நோர்வேஜியத்துக்கு மாற்றுவதில் முனைந்து உழைத்த ஆசிரியர்களுக்கு அதிலிருந்து மேலதிகக் கொடுப்பனவு கிடைத்தது. 1898இல் வெக்செல்சன் என்ற அமைச்சரின் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வகுப்பறையில் நோர்வேஜியம் மட்டும். பிள்ளைக்கு விளங்காத இடத்தில் விளக்குவதற்கு, தவிர்க்கவே முடியாவிட்டால், தாய்மொழியைத் துணைக்கு எடுக்கலாம். 1902இல் காணிச் சட்டம். பின்மார்க்கில் அரச காணி வாங்குவதென்றால் நோர்வேஜியம் பேசவும் வாசிக்கவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். காணிக்கும் நோர்வேஜியப் பெயர் இருக்கவேண்டும். 1905இல் நெய்டன் என்ற ஊரில் பின்மார்க்கின் முதலாவது அரச விடுதிப் பள்ளி திறந்தது. பிள்ளைகள் வீட்டுமொழியிலிருந்து கிழமைக்கணக்கில் பிரிந்து அங்கே வளர்ந்தார்கள்.

மொழியையும் காணியையும் ஒரே சட்டத்தில் கட்டுவது என்றால் என்னவென்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. இலங்கையில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது 1956இல். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோனி இராஜேந்திரம் நோர்வே வந்து சேர்ந்ததும் அதே 1956இல். நோர்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். சீநோர் மீன்பிடித் திட்டத்தால் வடக்கில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் பலர் மொழியின் பெயரால் ஊரைவிட்டு ஓடிவந்தவர்கள். ஓடிவந்து நின்று மீன் வெட்டிய கடற்கரை, ஐம்பது வருடம் முந்தி இன்னொரு மொழியின் வாயை மூடவைத்த கடற்கரை. மீன் மேசையில் நின்ற எங்கள் ஆட்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்நாளில் அங்குள்ளவர்களே அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஆனால் அரசை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போக முடியாது. ஏனென்றால் அதே அரசு, அதே சட்டம், அதே சுற்றறிக்கை இருந்தபோதும் மொழி எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகவில்லை.

வாட்சோவுக்கு நகர அந்தஸ்து கிடைத்தது 1833இல். நகரைச் சுற்றியிருந்த மீன்பிடிக் கிராமங்களும் ஆற்றோரப் பண்ணைகளும் தனிச் சபையாக இருந்தன. பிற்காலத்தில் அதற்கு வடவராங்கர் என்று பெயர். 1964இல்தான் நகரத்தையும் அதையும் ஒன்றாக்கினார்கள். பருத்தித்துறை நகரசபை வேறு, பருத்தித்துறைப் பிரதேசசபை வேறு என்று வளர்ந்த எனக்கு இது உடனே பிடிபட்டது. பெயர் ஒன்றுதான், உள்ளே நடக்கும் சீவியம் வேறு.

நகரத்துக்கு மேற்கே அரை மணித்தியாலத்துக்குள் வெஸ்த்ரே யாக்கப்செல்வ் என்ற கிராமம். குவென் பெயர் அன்னியொகி. கிழக்கே ஸ்கல்லெல்வ், குவென் பெயர் கல்லியொகி. யொகி என்றால் ஆறு. நகரத்தில் குவென் மொழி ஒதுங்கிய பிறகும் இந்தக் கிராமங்களில் அது நின்று பிடித்தது. காரணம் பற்று அல்ல. கிராமத்து ஆள் நகரத்து ஆளைவிடத் தன் மொழியை அதிகம் நேசித்தார் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அங்கே அந்த மொழிக்கு வேலை இருந்தது. மாடு அந்த மொழியில் பால் கறந்தது, புல் அந்த மொழியில் காய்ந்தது, வலை அந்த மொழியில் இழுபட்டது. ஞாயிறு வந்தால் லெஸ்தாதியன் கூட்டங்களில் பிரசங்கம் பின்னிஷில் நடந்தது. லார்ஸ் லெவி லெஸ்தாதியுஸ் என்ற போதகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய சமய எழுச்சி அது. பள்ளிக்கூடம் கதவடைத்த மொழிக்குச் செபவீடு கதவு திறந்து வைத்திருந்தது. நகரத்திலோ கடையும் கந்தோரும் துறைமுகக் கணக்கும் ஒவ்வொன்றாக நோர்வேஜியத்துக்குப் போயின. மொழிக்கு வீட்டுக்குள் மட்டும்தான் இடம் மிஞ்சியது. வீட்டுக்குள் மட்டும் இருக்கிற மொழி வீட்டில் உள்ள கிழவர்களோடு போய்விடும்.

1977இல் வாட்சோவில் குடியேறிகளுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். பின்லாந்துச் சிற்பி என்சியோ செப்பானன் செய்தது. திறந்துவைக்க நோர்வே மன்னர் ஐந்தாம் ஓலாவும் சுவீடன் மன்னரும் பின்லாந்து ஜனாதிபதி கெக்கோனனும் வந்தார்கள். ஒரு சின்ன நகரத்துக்கு மூன்று நாட்டுத் தலைவர்கள். நான் அதன் முன் நின்று யோசித்தது இதுதான்: கௌரவம் வந்து சேர்ந்தபோது வீடுகளில் அந்த மொழியைப் பிள்ளைகளோடு பேசுவது ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பிறகும் நல்லவை நடந்தன. 1990களின் கடைசியில் குவென்களைத் தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்தார்கள். 2005இல் குவென், பின்னிஷின் கிளைமொழி அல்ல, தனிமொழி என்று அரசு ஏற்றது. அதற்கு முதல் வருடம் அல்ப் நீல்சன் பொர்ஸ்கோக் குவென் மொழியின் முதல் நாவலை வெளியிட்டிருந்தார். வடக்குப் பள்ளிகளில் குவென் பின்னணியுள்ள மூன்று பிள்ளைகள் கேட்டால் குவெனோ பின்னிஷோ கற்பிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2023இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 2024 நவம்பர் 12ஆம் திகதி நாடாளுமன்றம் சாமிகளிடமும் குவென்களிடமும் வனப் பின்னியரிடமும் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அன்றைக்கு நான் வாட்சோவில் இருந்தேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்பவர் ஒருவர். ஐம்பத்தாறு வயது, பின்னிஷ் குடும்பப் பெயர், வீட்டார் அன்னியொகிப் பக்கம். மதிய உணவு மேசையில் மற்றவர்கள் போன பிறகும் அவர் எழும்பவில்லை. எத்தனை சொல் தெரியும் என்று கேட்டேன். முப்பது இருக்கும் என்றார். அதில் பத்து சாப்பாடு, பத்து திட்டு, மிச்சம் சவுனாவும் மாடும். தன் தாயும் பாட்டியும் நத்தாருக்கு முதல் வாரம் மட்டும் நிறையக் குவென் கதைப்பார்களாம், பரிசு என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. "எங்கள் வீட்டில் அது பரிசை ஒளிக்கிற மொழி" என்றார்.

பிறகு பாட்டியைப் பற்றிச் சொன்னார். பாட்டி கடைசி இரண்டு வருடம் முதியோர் இல்லத்தில். மறதி நோய் முதலில் கொண்டுபோனது பின்னால் வந்த மொழியை. நோர்வேஜியம் முழுக்கப் போய்விட்டது. சிறுவயதுக் குவென் மட்டும் மிஞ்சியது. அவருடைய தாய் ஒவ்வொரு நாளும் போய்ப் பக்கத்தில் இருப்பார். தாய்க்குக் குவென் எல்லாம் விளங்கும். ஆனால் வாழ்நாள் முழுதும் பாட்டிக்கு நோர்வேஜியத்தில் பதில் சொல்லியே பழகியவர். வாய் வரவில்லை. "பாட்டி சொன்னது அம்மாவுக்கு விளங்கியது. அம்மா சொன்னது பாட்டிக்கு விளங்கவில்லை. இரண்டு வருடம் அப்படியே இருந்தார்கள்."

சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார், உன் மகள் உங்கள் மொழி பேசுவாளா என்று.

அவளுக்கு எல்லாம் விளங்கும், பதில்தான் நோர்வேஜியத்தில் வரும் என்றேன். ஒஸ்லோவில் இந்தப் பதிலை நாங்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு திருப்தியோடு சொல்லிக்கொள்கிறோம். விளங்குதல்லோ, அது காணும்.

அவர் தலையாட்டினார். "என் அம்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

எல்லாம் விளங்கும், பேசவராது என்பது ஒரு தலைமுறையின் நிலை. அதற்கு அடுத்த தலைமுறைக்கு முப்பது சொல். இதை எனக்கு எந்த மொழியியல் நூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

எங்கள் நிலைமை அவர்களுடையது போன்றதல்ல என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். தமிழ் பேசியதற்காக எந்தப் பிள்ளையையும் நோர்வேயில் யாரும் தண்டிப்பதில்லை. காணி வாங்க மொழிச் சோதனை இல்லை. சனிக்கிழமைகளில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் போன்ற பள்ளிகள் நடக்கின்றன. அமரூட் கோயிலில் அருச்சனை முடிந்து வாசலில் நின்றால் காதுக்குத் தமிழ்தான். உயர்நிலைப் பள்ளியில் அந்நிய மொழிப் பாடமாகத் தமிழில் பரீட்சை எழுதலாம். ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைய கல்விச் சட்டம் வேறு தாய்மொழியுள்ள பிள்ளைக்கு என்ன தருகிறது? சாதாரண வகுப்பை நோர்வேஜியத்தில் பின்பற்றும் அளவுக்குத் தேர்ச்சி வரும்வரை, தேவைப்பட்டால், தாய்மொழியில் கற்பித்தல். தேர்ச்சி வந்ததும் நின்றுவிடும். 1898இன் சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். அன்று கையில் பிரம்பு இருந்தது, இன்று இல்லை. தொனி மாறிவிட்டது, நோக்கம் மாறிவிட்டது, எல்லாம் உண்மை. ஆனால் இரண்டிலும் தாய்மொழி ஒரு ஊன்றுகோல். கால் சரியானதும் மூலையில் சாத்திவைக்கவேண்டிய பொருள்.

எனவே அரசு தமிழைக் கொல்லப்போவதில்லை, காப்பாற்றப்போவதுமில்லை. அது எங்கள் கையில் என்று எல்லா ஆண்டுவிழா மேடையிலும் சொல்கிறோம். ஆனால் சொல்லும்போது பற்றைப் பற்றித்தான் பேசுகிறோம். பற்று, பெருமை, தொன்மை. குவென் பெற்றோருக்குப் பற்று இல்லாமல் இல்லை. தாங்கள் வகுப்பறையில் பட்ட வெட்கம் பிள்ளைக்கு வேண்டாம் என்று அன்பினால்தான் வாயை மூடிக்கொண்டார்கள். ஆகவே நான் இப்போது பற்று எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, இந்தப் பிள்ளையின் ஒரு கிழமையில் தமிழ் இல்லாவிட்டால் நடக்காமல் போகும் காரியம் எது என்று கேட்கிறேன். பல வீடுகளில் நேர்மையான பதில்: ஒன்றுமில்லை.

சித்தப்பாவும் அவருடைய தலைமுறையும் பின்மார்க்கைவிட்டு வந்ததற்கு ஒரு காரணம் இதுதான். அங்கே வேலை இருந்தது, வீடு மலிவு. 1990இலிருந்து வடக்கில் இருப்பவர்களுக்கு வரிச் சலுகை, கல்விக்கடன் தள்ளுபடி எல்லாம் அரசு கொடுத்தது. சனம் நிற்கவில்லை. நோர்வேஜியரே நிற்கவில்லை. வராங்கர் குடாவின் தென்கரையில் புகோய்னெஸ் என்ற குவென் கிராமம். மீன் தொழிற்சாலை முறிந்த பின் 1989இல் அந்த ஊர்ச் சனம் பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள், எங்கள் எல்லோரையும் ஒன்றாகக் குடியேற்ற இடம் தருவார் உண்டா என்று. பிறகு இராட்சத நண்டு பிடிபடத் தொடங்கி ஊர் தப்பியது. எங்கள் ஆட்கள் விளம்பரம் போடவில்லை. ஒவ்வொரு குடும்பமாக ஒஸ்லோவுக்குப் பெட்டி கட்டினார்கள். அனேகம் பேர் சொன்ன காரணம்: பிள்ளையள் தமிழ் படிக்கவேணும், கோயில் வேணும், சொந்தம் வேணும். தமிழுக்காக நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் நாங்கள். குவென்களின் கதையில் மொழி நின்றது நாட்டுப்புறத்தில், போனது நகரத்தில். இதனால் சித்தப்பாவின் முடிவு பிழை என்று ஆகாது. போட்ஸ்பியூரில் தமிழுக்கு மீன் மேசையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. ஆனால் நகரத்துக்கு வந்து சேர்ந்ததோடு காரியம் முடிந்தது என்று நினைத்தவர்கள் வெசிசாரியை ஒருமுறை பார்த்துவரலாம்.

போன குளிர்காலத்தில் சித்தப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை கொஞ்சம் திரும்பிவிட்டது. நோர்வேஜியம் திரும்பவில்லை. பதினொரு வருடம் மீன் தொழிற்சாலையிலும் பிறகு இருபது வருடத்துக்கு மேல் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியும் பழகிய மொழி, ஒரு காலைக்குள் போய்விட்டது. தமிழ் கொச்சையாய், நின்று நின்று வருகிறது. அவருடைய பிள்ளைகளில் ஒருவர் பேர்கனில், ஒருவர் லண்டனில். சித்தி பகலில் வேலை. என் மகள் படிக்கும் பள்ளி அவர்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டு அங்கே போய், நான் வரும்வரை இருப்பாள். தாதி வரும் நேரமும் அதுதான். தாதிக்கு நோர்வேஜியம் மட்டும் தெரியும், சித்தப்பாவுக்குத் தமிழ் மட்டும் வரும். நடுவில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று.

முதல் வியாழன் இரவு அவள் கொஞ்சம் கோபத்தோடு வந்தாள். சனிக்கிழமைப் பள்ளியில் படித்ததை வைத்து "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டாளாம். சித்தப்பா பேசாமல் இருந்தாராம். மூன்று தரம் கேட்டாளாம். நான் சொன்னேன், "நோகுதோ" என்று கேள் என்று. புத்தகத்தில் வலி, வடமராட்சியில் நோ. அவள் அதைக் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டாள். அடுத்த கிழமை விறைப்பு, தலைச்சுத்து, ஓங்காளம் என்று பட்டியல் நீண்டது. குத்துது, உளையுது, எரியுது மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டாள். உளைவை நோர்வேஜியத்தில் எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் யோசித்தோம். ஒரு சொல்லில் வரவில்லை. அதைத் தாதிக்கு எப்படிச் சொன்னாளோ தெரியாது, மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமைகளில் அவளிடம் தமிழுக்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வீட்டில் அவள் நோர்வேஜியத்தில் பதில் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு அது எட்டாது; ஆகவே வாய் திறக்கிறது. இலக்கணம் பிழைக்கிறது, ழகரம் உருளுகிறது, சித்தப்பா சில வேளை இடது கையை ஆட்டித் திருத்துகிறார். இது எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. போன கிழமை அவள் கேட்டாள், சின்னத் தாத்தாவுக்குக் கதைக்க எல்லாம் திரும்பிவிட்டால் நான் வியாழக்கிழமைகளில் போகத் தேவையில்லையா என்று. போகலாம், அவருக்குப் போட்ஸ்பியூர்க் கதைகள் நிறைய இருக்கின்றன, அதை நீதான் கேட்டு எழுதவேண்டும் என்றேன். "தமிழிலா?" என்றாள். அவருக்கு அந்தக் கதை வேறு மொழியில் வராது என்றேன்.